ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேலி... பிரிட்டன் கற்ற பாடம்!

2010 ஜனவரி. பிரிட்டனின் சாலையோர விளம்பரப் பலகைகளில் எங்கு பார்த்தாலும் ஒரே முகம். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரூன், 'பற்றாக்குறையில் கை வைப்பேன், என்.ஹெச்.எஸ்ஸில் கை வைக்க மாட்டேன்' என்று வாக்குறுதி தந்திருந்தார். போட்டோவை ஓவராக மெருகேற்றிவிட்டார்கள் என்று இணையத்தில் கிண்டல்கள் பறந்தன. ஆனால், அந்த ஒற்றை வரி மட்டும் மக்கள் மனதில் நின்றுவிட்டது.

நான்கே மாதங்களில் கேமரூன் பிரதமரானார். கஜானா காலி. 2008 உலகப் பொருளாதார நெருக்கடியில் வங்கிகள் ஆட்டம்கண்டு, வரி வருமானம் சரிந்திருந்தது. ஒரே ஆண்டில் விழுந்த துண்டு மட்டும் 15,000 கோடி பவுண்டுக்கும் மேல். போலீஸ், நூலகம், நீதிமன்றம், நகராட்சி என எல்லாவற்றிலும் வெட்டு. அதில் மருத்துவத்துக்கு மட்டும் தனிச் சலுகை தரலாமா? அன்று தொடங்கிய சண்டை இன்றுவரை ஓயவில்லை.

சண்டை போட்டு ராஜினாமா செய்த அமைச்சர்

என்.ஹெச்.எஸ். என்பது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை. 1948 ஜூலை 5 அன்று பிறந்தது. பணக்காரரோ ஏழையோ, டாக்டரைப் பார்க்கவும் ஆபரேஷன் செய்துகொள்ளவும் அங்கே பில் கிடையாது. செலவெல்லாம் மக்களின் வரிப்பணத்திலிருந்து. அதை உருவாக்கியவர் சுகாதார அமைச்சராக இருந்த அனைரின் பெவன். வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்.

மூன்றே ஆண்டுகளில் முதல் சோதனை வந்தது. கொரியப் போருக்காக ராணுவச் செலவு எகிற, 1951 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஹியூ கெயிட்ஸ்கெல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் மக்கள் பாதி விலை கொடுக்க வேண்டும் என்று அறிவித்தார். அதில் மிச்சமாகும் தொகை பெரிதில்லை. ஆனாலும் பெவன் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். 'இலவசம்' என்ற கொள்கையில் ஒரு ஓட்டை விழுந்தால், அது பெரிதாகிக்கொண்டே போகும் என்பது அவர் வாதம். 'பணமே இல்லாதபோது கொள்கையை மட்டும் வைத்து ஆஸ்பத்திரி நடத்த முடியாது' என்பது எதிர்த்தரப்பு. இருவருமே ஒரே லேபர் கட்சிக்காரர்கள் என்பதுதான் விசேஷம்.

வேலி சரியா... தப்பா?

2010-ல் கேமரூன் அரசு, மருத்துவ பட்ஜெட்டைச் சுற்றி வேலி போட்டது. விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் ஆண்டுதோறும் துளியாவது கூடுதல் பணம் உண்டு என்று உறுதி தந்தது. அதே நேரத்தில், உள்ளாட்சி அமைப்புகளுக்கு மத்திய அரசு தரும் மானியத்தை நான்கு ஆண்டுகளில் கால் பங்குக்கும் மேல் வெட்டியது.

எதிர்ப்பு வந்த திசைதான் ஆச்சர்யம். முந்தைய லேபர் ஆட்சியில் சுகாதார அமைச்சராக இருந்த ஆண்டி பர்ன்ஹாம், 'மற்ற துறைகளை இப்படி வெட்டிவிட்டு, மருத்துவத்துக்கு மட்டும் கூட்டிக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்' என்றார். முதியோர் பராமரிப்பை நடத்தும் உள்ளாட்சிகளின் கையைக் கட்டிவிட்டால், பாதிப்பு ஆஸ்பத்திரிக்கே திரும்பும் என்று எச்சரித்தார். 'பார்த்தீர்களா, லேபர் கட்சிக்கு என்.ஹெச்.எஸ்ஸுக்குப் பணம் தர மனமில்லை' என்று கேமரூன் அந்தப் பேச்சைப் பல ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் சொல்லிக்காட்டினார்.

ஆளும் தரப்பிலும் ஒரே குரல் இல்லை. கன்சர்வேட்டிவ் எம்.பி லியாம் ஃபாக்ஸ், 2013-ல் வேலியையே எடுத்துவிடச் சொன்னார். ஒரு துறையைத் தொடக் கூடாது என்றால், மற்ற துறைகள் இரண்டு மடங்கு அடி வாங்கும் என்பது இவர்களின் கணக்கு.

வேலி ஆதரவாளர்களிடமும் வலுவான பதில் இருந்தது. அதே காலத்தில் கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸில், பொது மருத்துவச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று கடன் கொடுத்தவர்கள் நிபந்தனை போட்டார்கள். வேலையிழந்தவர்கள் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். ஏதென்ஸில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்பவர்களிடையே 2011-ல் ஹெச்.ஐ.வி வேகமாகப் பரவியது. காப்பீடு இல்லாதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிக் கதவு முழுமையாகத் திறக்க 2016-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 'வேலி இல்லையென்றால் இதுதான் நடக்கும்' என்றால், மறுப்பது கஷ்டம்.

ஒரே நாடு... இரண்டு வழி!

பிரிட்டனுக்குள்ளேயே இதற்கு எதிர்மாறான வழியில் ஒரு பகுதி நடந்தது. அது பெவன் பிறந்த வேல்ஸ். மருத்துவத்துறையை நடத்தும் அதிகாரம் அங்கே தனி அரசிடம் இருக்கிறது. அங்கு ஆட்சியிலிருந்த லேபர் கட்சி, தொடக்கத்தில் மருத்துவத்துக்கு வேலி போடவில்லை. முதியோர் பராமரிப்பையும் சமூக சேவைகளையும் காப்பாற்றுவதே முக்கியம் என்றது.

விளைவு? முதியோர் பராமரிப்பு இங்கிலாந்து அளவுக்கு அடி வாங்கவில்லை. ஆனால், ஆஸ்பத்திரிகளில் காத்திருப்பு நீண்டது. கேமரூன் சும்மா விடுவாரா? 2014-ல், இரு பகுதிகளுக்கும் நடுவே இருக்கும் 'ஆஃபா' என்ற பழங்கால எல்லைக்கரையைக் குறிப்பிட்டு, அது வாழ்வுக்கும் சாவுக்குமான கோடாகிவிட்டது என்று தாக்கினார். வேல்ஸ் தரப்பு கொதித்தது. ஆனாலும், அதற்குள் அந்த அரசு மருத்துவத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்க ஆரம்பித்திருந்தது. ஆக, எந்தப் பக்கம் வெட்டினாலும் காயம் உண்டு.

தாத்தா விழுந்தால் என்ன செலவு?

வருமானம் பாதியாகிப்போன ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'எது குறைந்தாலும் தாத்தாவின் ஆஸ்பத்திரிச் செலவில் கை வைக்கக் கூடாது' என்கிறார் வீட்டுத்தலைவி. நல்ல மனசுதான். ஆனால், தாத்தாவைக் குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஆளை நிறுத்திவிடுகிறார்கள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைப்பதும் தள்ளிப்போகிறது. ஒருநாள் தாத்தா வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. பத்திரமாக எடுத்துவைத்த பணம் ஒரே வாரத்தில் காலி.

இங்கிலாந்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். அங்கே ஆஸ்பத்திரி இலவசம். ஆனால், வீட்டுக்கு வந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் சேவை இலவசமில்லை. அது உள்ளாட்சியின் பொறுப்பு. சேமிப்பும் சொத்துமாக 23,250 பவுண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் முழுச் செலவையும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மானியம் வெட்டப்பட்டதும் உள்ளாட்சிகள் விதிகளை இறுக்கின. 2010-களின் நடுப்பகுதிக்குள், அரசு உதவியோடு பராமரிப்பு பெறும் முதியவர்களின் எண்ணிக்கை கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது.

அவர்கள் எங்கே போவார்கள்? எமர்ஜென்சி வார்டுக்குத்தான். சிகிச்சை முடிந்த பிறகும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாததால் டிஸ்சார்ஜ் செய்ய முடியாது. பெட் காலியாகாது. புதிய நோயாளி வராண்டாவில் டிராலியில் காத்திருப்பார். வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டும். அவசர சிகிச்சைக்கு வருபவர்களில் 95 சதவிகிதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து கடைசியாக எட்டியது 2015 ஜூலையில்.

சத்தமில்லாமல் சுருங்கிய வேலி

அதே 2015-ல் இன்னொன்றும் நடந்தது. 'என்.ஹெச்.எஸ்ஸுக்கு 1,000 கோடி பவுண்டு கூடுதல்' என்று அரசு பெருமையாக அறிவித்தது. ஆனால், இந்த முறை வேலிக்குள் இருந்தது சுகாதாரத்துறை முழுவதும் அல்ல; ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் பிரித்துத் தரும் அமைப்பின் பட்ஜெட் மட்டுமே. நர்ஸ் படிப்பு, டாக்டர் பயிற்சி, நோய்த் தடுப்பு எல்லாம் வேலிக்கு வெளியே போய்விட்டன. அங்கிருந்து எடுத்த பணம்தான் ஓரளவு உள்ளே வந்தது. மொத்தத் துறையையும் சேர்த்துப் பார்த்தால் கூடுதல் தொகை சுமார் 450 கோடிதான் என்று நாடாளுமன்ற சுகாதாரக் குழு போட்டு உடைத்தது. குழுவின் தலைவர் சாரா வொலஸ்டன், ஆளுங்கட்சி எம்.பி. அடிப்படையில் ஒரு டாக்டர்.

புகைப்பழக்கத்தை விட உதவும் மையங்கள், போதை மறுவாழ்வு, பாலியல் நோய் கிளினிக்குகள் ஆகியவற்றுக்கான பொதுச் சுகாதார நிதியில், அந்த ஆண்டின் நடுவிலேயே 20 கோடி பவுண்டு வெட்டப்பட்டது. நோய் வராமல் தடுக்கும் செலவைக் குறைத்துவிட்டு, வந்த பிறகு செய்யும் செலவைப் பாதுகாத்தார்கள்.

அடுத்தது, விதைநெல்லைப் பொங்கித் தின்ற கதை. 2014-15 தொடங்கி ஐந்து ஆண்டுகளில், கட்டடம், ஸ்கேன் இயந்திரம், கம்ப்யூட்டர் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து 430 கோடி பவுண்டை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டார்கள். கிழக்கு இங்கிலாந்தின் கிங்ஸ் லின் நகரில் உள்ள ஆஸ்பத்திரியின் பலவீனமான கான்கிரீட் கூரைக்கு, ஆயிரக்கணக்கான இரும்பு, மரத்தூண்களால் முட்டுக் கொடுத்து வைக்கும் நிலை வந்தது. கீழே நோயாளிகள்!

டாக்டர் எழுதிய 'நோயறிக்கை'

2024-ல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததும், என்.ஹெச்.எஸ்ஸை ஆராய்ந்து அறிக்கை தரும்படி பிரபல அறுவை சிகிச்சை நிபுணர் ஆரா டார்சியிடம் கேட்டது. 'கவலைக்கிடம்' என்றார் அவர். இங்கிலாந்தில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2010-ல் சுமார் 25 லட்சம். கொரோனாவுக்கு முன்பே 45 லட்சத்தை நெருங்கியிருந்தது. 2023-ல் 77 லட்சத்தைத் தொட்டது. ஆஸ்பத்திரி பெட்டுகளில் 13 சதவிகிதத்தில், வெளியே தகுந்த பராமரிப்பு கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் இருந்தார்கள்.

வேலி உண்மையில் தாராளமாகவும் இல்லை. தொடக்க காலத்திலிருந்து மருத்துவ பட்ஜெட், விலைவாசி போக ஆண்டுக்குச் சராசரியாக மூன்றரை சதவிகித அளவுக்கு வளர்ந்துவந்தது. 2010-களில் அது 1 சதவிகிதத்தைச் சுற்றியே நின்றது. முதியோர் எண்ணிக்கையும் மருந்துச் செலவும் ஏறும் நாட்டில், 'குறைக்கவில்லை' என்பதே ஒரு விதத்தில் குறைப்புதான். அதன் சுமையில் பெரும்பகுதியைத் தாங்கியவர்கள் ஊழியர்கள். அரசு ஊழியர்களுக்கு முதலில் இரண்டு ஆண்டு சம்பள உயர்வே கிடையாது. பிறகு பல ஆண்டுகள் 1 சதவிகிதம்தான்.

இங்கிருந்து போகிறவர்களுக்கும் பில்!

இந்தக் கணக்கு நம் ஊர் வீடுகளையும் தொடுகிறது. நர்ஸிங் மாணவர்களுக்குத் தந்துவந்த உதவித்தொகையை 2017-ல் இங்கிலாந்து நிறுத்தியது. உள்ளூரில் ஆள் போதாமல் இந்தியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து நர்ஸ்களை அழைத்தது. 2020-ல் உதவித்தொகையை வேறு வடிவில் மறுபடி கொண்டுவந்தது.

அதோடு, படிக்கவோ வேலைக்கோ போகும் வெளிநாட்டவர் விசாவுடன் சேர்த்து மருத்துவக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதியும் 2015-ல் வந்தது. அன்று வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு. 2024 பிப்ரவரி முதல் 1,035, மாணவர்களுக்கு 776. மொத்த விசா காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். 'வரியும் கட்டி, இதையும் கட்டுவது நியாயமா?' என்ற கேள்வி பெரிதாக எழுந்த பிறகு, 2020-ல் டாக்டர், நர்ஸ் போன்ற மருத்துவ ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

அதே தவறு... மறுபடியும்?

லேபர் அரசின் 2024 பட்ஜெட், மருத்துவத்தின் அன்றாடச் செலவுக்கு இரண்டு ஆண்டுகளில் 2,260 கோடி பவுண்டு கூடுதலாகத் தந்தது. அதற்கும் மற்ற செலவுகளுக்குமாக, ஊழியர்களுக்கு முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டு வரியை 2025 ஏப்ரலிலிருந்து உயர்த்தியது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இந்த வரியை ஈடுகட்டப் பணம் உண்டு. தனியாரும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு விலக்கு இல்லை. பர்ன்ஹாம் 2010-ல் எச்சரித்த அதே இடம். ஆட்சியில் இருப்பது மட்டும் இப்போது அவருடைய கட்சி!

இன்று பிரிட்டன் அரசுத் துறைகளின் அன்றாடச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மருத்துவத்துக்கே போகிறது. 'இன்னும் எவ்வளவுதான் கொடுப்பது?' என்று ஒரு தரப்பும், 'இதைவிட முக்கியமானது என்ன இருக்கிறது?' என்று இன்னொரு தரப்பும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால், பதினைந்து ஆண்டு அனுபவம் வேறொரு கேள்வியை முதலில் கேட்கச் சொல்கிறது. மருத்துவ நிதியில் கை வைக்க மாட்டோம் என்று எந்த அரசு சொன்னாலும், அந்த நிதிக்குள் என்னென்ன அடக்கம் என்று பார்க்க வேண்டும். முதியவரைக் கவனிக்கும் ஆள், நோய் தடுக்கும் ஊழியர், நாளைய நர்ஸின் படிப்பு, ஆஸ்பத்திரியின் கூரை... இவை நான்கும் அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால், காப்பாற்றப்பட்டது பட்ஜெட்டின் ஒரு வரி மட்டுமே. நோயாளி அல்ல.