டில்லி வாசலில் ஒரு மனிதர்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜவ்வாது மலைச் சாலையில் ஏறியிருக்கிறீர்களா? ஏறியவர்களுக்குக் காவலூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாமைக் கொல்லைகளையும் சந்தன மரங்களையும் பார்த்துக்கொண்டே போகிறவர் கண்ணில், மரங்களின் தலைக்கு மேலே பிரம்மாண்டமான வட்டக் கூரை ஒன்று தட்டுப்படும். அதற்குள்ளேதான் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியின் குறுக்களவு 2.34 மீட்டர். நல்ல உயரமான ஆள் ஒருவர் அதன்மேல் காலை நீட்டிப் படுக்கலாம். (படுக்க விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்!)

நட்சத்திரங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த யந்திரத்தைச் செய்தது யார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அது வேறொரு சுவாரசியமான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. கண்ணாடிக் கட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் பெங்களூரில் இருந்த நம்மவர்கள். அதைத் தாங்கி நிற்கும் இரும்பு உடம்பைச் செய்தது மகாராஷ்டிரத்து வால்சந்த் நகர்த் தொழிற்சாலை. அதே கம்பெனி கடற்படைக் கப்பல்களுக்குப் பல்சக்கரப் பெட்டிகளும் ராக்கெட்டுகளுக்கு உறைகளும் செய்து கொடுத்திருக்கிறது. ஊருக்கும் கம்பெனிக்கும் பெயர் தந்த மனிதர் சேட் வால்சந்த் ஹீராசந்த். 1882-இல் சோலாப்பூரில் பிறந்தவர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவர் செய்த ஒரு வேலையைப் பற்றியது.

ராணுவத் தளவாடம் செய்யும் கம்பெனிகளில் இப்போது ஒரு பெரிய உத்தியோகம் உண்டு. 'சர்க்கார் விவகாரங்களின் தலைவர்' என்று பெயர். 'அப்படியென்றால் என்ன ஐயா? மந்திரிகளுக்கு மாலை போடுகிறவரா?' என்று நீங்கள் கேட்கலாம். சோப்பு விற்கிறவருக்கு வீட்டுக்கு வீடு வாடிக்கை. ஓர் அம்மாள் வேண்டாம் என்றால் அடுத்த கதவைத் தட்டலாம். பீரங்கி செய்கிறவர் எந்தக் கதவைத் தட்டுவார்? உள்நாட்டில் சர்க்கார் ஒன்றுதான் வாங்கும். வெளிதேசத்துக்கு விற்பதற்கும் சர்க்காரின் அனுமதி வேண்டும். ஊரில் மாப்பிள்ளை ஒருவர்தான், பெண்ணைப் பெற்றவர்களோ ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன தேவை, முடிவு சொல்கிறவர் யார், இந்த வருஷம் கையில் பணம் இருக்கிறதா என்றெல்லாம் அறிந்துகொண்டு, தம் வீட்டுப் பெண்ணின் குணத்தை உள்ளபடி எடுத்துச் சொல்கிறவரே இந்த அதிகாரி. 'உள்ளபடி' என்ற சொல்லில்தான் தொல்லையெல்லாம் இருக்கிறது.

உத்தியோகத்துக்குப் பெயர் ஏற்படுவதற்கு வெகு காலம் முன்பே வால்சந்த் அந்த வேலையைச் செய்தார்.

1939-ஆம் வருஷம். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. அமெரிக்காவுக்குப் போயிருந்த வால்சந்த், பசிபிக் சமுத்திரத்தைக் கடக்கும் 'கிளிப்பர்' விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். சக பிரயாணிகளில் ஒருவர் வில்லியம் பாலி என்ற அமெரிக்கர். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தி வந்தவர். 'சீனாவில் முடியுமானால் இந்தியாவில் ஏன் முடியாது?' என்ற யோசனை வால்சந்துக்குப் பிறந்துவிட்டது. பேச்சோடு விடாமல், யந்திரங்கள் என்ன, செலவு எவ்வளவு என்ற விவரங்களைத் திரட்டிக்கொண்டு சர்க்காரிடம் போனார்.

அன்றைய சர்க்கார் வெள்ளைக்காரர்களுடையது. இந்தியர் ஒருவர் விமானம் செய்வதில் அவர்களுக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்? மாதங்கள் உருண்டன. 1940 கோடையில் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தது. உடனே சர்க்காரின் காது கூர்மையாகிவிட்டது. ஜூலை மாதத்தில் சம்மதம் கிடைத்தது. வால்சந்தின் சாமர்த்தியத்தை இங்கேதான் பார்க்கிறேன். அவசரம் பிறந்த பிறகு அவர் கணக்குப் போட உட்காரவில்லை. அவசரம் பிறந்த அன்று அவருடைய காகிதங்கள் தயாராக இருந்தன.

டில்லியோடு வேலை முடியவில்லை. நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும், முதல் வேண்டும். அதற்கு அவர் தட்டிய அடுத்த கதவு மைசூர் சமஸ்தானம். திவான் சர் மிர்ஸா இஸ்மாயில் தொழில்களை வளர்ப்பதில் பெரும் பிரியம் உள்ளவர். சமஸ்தானம் பெங்களூரில் 700 ஏக்கர் நிலம் தந்தது. 25 லட்சம் ரூபாய் போட்டுக் கூட்டாளியாகவும் சேர்ந்தது. 1940 டிசம்பர் 23-ஆம் தேதி 'ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்' கம்பெனி பதிவாயிற்று. அடுத்த வருஷமே இந்திய சர்க்காரும் பங்கு போட்டது. அந்த வருஷத்திலேயே பயிற்சி விமானம் ஒன்று பெங்களூர் ஆகாயத்தில் பறந்தும்விட்டது!

பிறகு ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. இவ்வளவு முக்கியமான தொழிற்சாலை தனி மனிதர் கையில் இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1942-இல் சர்க்கார் வால்சந்தின் பங்கை வாங்கிக்கொண்டது. பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனாலும், கதவைத் தட்டித் தட்டித் திறக்க வைத்தவரையே வெளியே அனுப்பிவிட்டுத் தாழிட்டுக்கொண்டது போல் எனக்குப் படுகிறது. அந்தக் கம்பெனிதான் 1964-இல் ஹிந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ் ஆயிற்று. வால்சந்த் அதைப் பார்க்கவில்லை, 1953-இலேயே காலமாகிவிட்டார்.

மறுபடியும் மலைக்கு வாருங்கள். 1986 ஜனவரி 6-ஆம் தேதி, பிரதம மந்திரி ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். அதற்கு 77 நாட்களுக்குப் பிறகு, மார்ச் 24-ஆம் தேதி, ஸ்வீடன் தேசத்து போபர்ஸ் கம்பெனியுடன் பீரங்கி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தொகை ரூ. 1,437 கோடி. இடைத்தரகர் யாரும் கூடாது என்பது சர்க்கார் விதித்த நிபந்தனை. 1987 ஏப்ரல் 16-ஆம் தேதி ஸ்வீடன் ரேடியோ, லஞ்சம் கைமாறியதாகச் சொல்லிற்று. பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டை 2004-இல் டில்லி உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அப்போது அவர் உயிருடன் இல்லை. பீரங்கி மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. 1999-இல் கார்கில் சிகரங்களில் நம் சிப்பாய்களுக்குத் துணை நின்றது அதுதான். நல்ல பெண்ணுக்குக் கள்ளத் தரகர் அமைந்தால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அந்தப் பயத்தில் பல வருஷங்கள் புதிய பெரிய பீரங்கி எதையும் வாங்காமலே ராணுவத்தைக் காக்க வைத்தார்களே, அது இன்னொரு நஷ்டம்.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2020-இல் வந்த ராணுவக் கொள்முதல் விதிகளைப் புரட்டினால் தலை சுற்றும். பொருள் தேவைதான் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் விலைப்புள்ளி கேட்க வேண்டும். பாலைவன வெயிலிலும் பனிமலையிலும் பரீட்சை, பேரம் பேசப் பிரத்தியேகக் கமிட்டி, பிறகு பணத்துக்கு அனுமதி. பெரிய ஒப்பந்தங்களில், லஞ்சம் கொடுக்க மாட்டோம் என்று கம்பெனி எழுதிக் கையொப்பமிட வேண்டும். இந்தப் படிகளில் எது எந்த மேஜையில் நிற்கிறது என்று தெரிந்திருப்பதே இன்று சர்க்கார் விவகார அதிகாரியின் பாதி வேலை.

பெரிய கம்பெனி அப்படி ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும். ஓசூரிலோ கோவையிலோ பத்துக் கடைசல் யந்திரங்களை வைத்துக்கொண்டு அருமையான உதிரி பாகம் செய்கிறவர் என்ன செய்வார்? டில்லிக்கு நாலு தடவை போய்வரும் செலவிலேயே அவருடைய மாத லாபம் போய்விடும். 2018 ஏப்ரலில், சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில், சிறு கம்பெனிகளின் புதிய கண்டுபிடிப்புகளுக்குப் பண உதவி தரும் 'ஐடெக்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் திருச்சியில் தமிழ்நாட்டு ராணுவத் தொழில் வழித்தடம் ஆரம்பமாயிற்று. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஐந்தும் அதில் சேர்த்தி. வாசலைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே ஆர்டர் கிடைக்கிறதா என்பதைத்தான் நம் பட்டறைக்காரர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனி எதுவும் இல்லாமல், கமிஷனும் இல்லாமல், சர்க்காரிடம் கேட்டுப் பெற்ற ஒருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர்தான் வைணு பாப்பு. 1960-இல் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக வந்தவர், நல்ல இரவு வானம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைக் கண்டுபிடித்தார். முதலில் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றைக் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்து கொண்டுவந்து வைத்தார். 1972-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டுகொள்ள அதுவும் உதவியது. சின்னதை வைத்துச் செய்து காட்டி, பிறகு பெரியதைக் கேட்டார். அந்தப் பெரியது உருவாகிக்கொண்டிருக்கும்போதே, 1982 ஆகஸ்டில், ஜெர்மனியில் மூனிக் நகரத்தில் அவர் காலமானார். அவர் கேட்ட கண்ணாடி காட்டுக்கு நடுவே தயாராகி நின்றபோது, அதற்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.