கணக்குக் காட்டும் பதவி

தேயிலைத் தோட்டத்திலே வாழ்பவர்களுக்குத் தராசைப் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. பறித்த கொழுந்தைச் சுமந்துவந்து நிறுவைக்கு நிற்கும்போது, முள் எங்கே நிற்கிறது, ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது, கூடைக்கென்று எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதையெல்லாம் உற்று நோக்குவது அவர்களுடைய அன்றாட வழக்கம். பூண்டுலோயாவைச் சூழ்ந்த டன்சினன், சீன் முதலிய தோட்டங்களிலும் இது நாள்தோறும் காணும் காட்சியே. ஆனால், அரிசியும் மாவும் பருப்பும் வாங்கக் கடைக்குச் செல்லும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. அங்கே தராசும் பிறர் கையில். பற்றுப் புத்தகமும் பிறர் கையில். "இவ்வளவு பாக்கி" என்று கடைக்காரர் சொன்னால் அவ்வளவுதான்.

வாங்குபவரே உறுப்பினராகிக் கணக்குக் கேட்கச் சட்டம் இடங்கொடுக்கும் கடை ஒன்று உண்டு. அதுவே கூட்டுறவுச் சங்கத்தின் கடை. மக்கள் பேச்சிலே சங்கக்கடை. அச்சங்கத்தின் பணிப்பாளர் சபைக்குத் தேர்தல் வரும்போது, நிற்பவர் எதனைக் கேட்டு நிற்கிறார், வாக்களிப்பவர் எதனை அவரிடம் ஒப்படைக்கிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மலைநாட்டு மக்களின் வரலாற்றிலே உணவும் கடனும் பிரியாமலே நடந்துவந்தன. தமிழகத்துக் கிராமத்தை விட்டுப் புறப்படும்போதே வழிச்செலவு கங்காணியின் கணக்கிலே கடனாக ஏறியது. தோட்டத்துக்கு வந்தபின் அரிசியும் துணியும் அக்கணக்கோடு சேர்ந்தன. தொழிலாளி ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவருடைய கடன் இவ்வளவு என்று குறித்த சீட்டு ஒன்று வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அத்தொகையைப் புதிய தோட்டம் தீர்த்தாலன்றி அவர் பழைய தோட்டத்தை விட்டு நகர இயலாது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. எனினும், அரிசி தோட்டத்துக் களஞ்சியத்திலிருந்து வழங்கப்படுவதும், அதன் விலை சம்பளத்திலே கழிக்கப்படுவதும் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் நீடித்தன. கணக்கு எழுதியவர் ஒருவர். அக்கணக்குக்கு உட்பட்டவர் மற்றொருவர். எழுதியவரைக் கேட்கும் வழி உட்பட்டவருக்கு இருக்கவில்லை.

இந்த நிலையை மாற்றும் எண்ணம் முதன்முதலில் வெற்றி கண்டது இங்கிலாந்திலே, ரொச்டேல் என்னும் நெசவுப் பட்டினத்திலே. 1844 ஆம் ஆண்டு டிசெம்பர் 21 ஆந் தேதி, 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுட் பலர் நெசவுத் தொழிலாளர். முதலாக இருந்தது 28 பவுண். விற்பனைக்கு வைத்தவை வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுவர்த்தி போன்ற சில பொருள்களே. கலப்படமில்லாத பண்டம், சரியான நிறை, ஆண்டு முடிவில் வாங்கிய அளவுக்கேற்ற இலாபப் பங்கு, எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு ஆகிய விதிகளை அவர்கள் வகுத்துக்கொண்டனர். தமிழகத்திலே அறுபது ஆண்டுகள் கழித்து, 1904 ஆம் ஆண்டில், சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஆசிரியராக விளங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

இலங்கையிலே கூட்டுறவு 1911 ஆம் ஆண்டின் சட்டத்தோடு கடன் சங்கங்களாகத் தொடங்கியது. 1936 ஆம் ஆண்டில் விரிவான கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. சங்கக்கடை என்பது ஊர்தோறும் பரவியது இரண்டாம் உலகப் போரின்போதுதான். 1942 ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு அரிசியை வழங்க ஆயிரக்கணக்கான கூட்டுறவுக் கடைகள் சில ஆண்டுகளுக்குள் முளைத்தன. 1957 ஆம் ஆண்டில் விவசாய, உணவு அமைச்சராயிருந்த பிலிப் குணவர்தனாவின் திட்டத்தின்படி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1970 ஆம் ஆண்டையொட்டி அச்சிறு சங்கங்கள் ஒன்றிணைக்கப்பட்டுப் பெருஞ் சங்கங்களாயின. 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1936 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 ஆம் ஆண்டில் வந்தபின், மாகாணத்துக்குள் இயங்கும் சங்கங்களின் பதிவும் மேற்பார்வையும் கணக்காய்வும் மாகாணத்தின் பொறுப்பாயின.

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் மாறாத விதி ஒன்று உண்டு: உறுப்பினர் ஒருவருக்கு ஒரே வாக்கு. இந்த விதியின் அருமையை மலைநாட்டைப் போல் உணர்ந்த பகுதி வேறொன்று இருத்தல் அரிது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. ஆகவே வாக்கு என்பது இம்மக்களுக்குப் பாட்டன் காலத்திலே கையிலிருந்து, தந்தை காலத்திலே பறிபோய், பிள்ளைகள் காலத்திலே மீண்டு வந்த பொருள். சங்கக்கடையின் வாக்கு சிறிய வாக்கு என்று அவர்கள் தள்ளிவிடலாகாது.

பணிப்பாளர் என்பவர் யார்? அவர் கடை நடத்துபவர் அல்லர். கடையை நடத்துபவர் முகாமையாளரும் ஊழியரும். அவர்களை நியமிப்பதும், எங்கே எவ்விலைக்குக் கொள்முதல் செய்வது என்பதற்கு நெறி வகுப்பதும், மாதந்தோறும் வரவு செலவைப் பார்ப்பதும், கையிருப்பை எண்ணச் செய்வதும், ஆண்டு முடிவிலே ஐந்தொகையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைப்பதும் சபையின் கடமை. சபை ஒன்றாகக் கூடித் தீர்மானித்தாலே அது தீர்மானம். தனிப் பணிப்பாளர் ஒருவர் கடைக்குள் நுழைந்து, "எனக்கு வேண்டியவருக்கு இரண்டு கிலோ கூடக் கொடு" என்று சொல்ல எவ்வித அதிகாரமும் இல்லை. அப்படிச் சொல்பவர் பதவிக்குரிய வேலையைச் செய்யவில்லை, பதவியைக் கெடுக்கிறார்.

பெரிய பலநோக்குச் சங்கங்களிலே தேர்தல் படிப்படியாக நடைபெறும். உறுப்பினர் தத்தம் கிளையிலே கூடிக் கிளைக்குழுவைத் தேர்ந்தெடுப்பர். கிளைகளின் பிரதிநிதிகள் சேர்ந்தது பொதுச்சபை. அப்பொதுச்சபையிலிருந்தே பணிப்பாளர்கள் தெரிவாகின்றனர். எனவே, மேலே யார் அமர்கிறார் என்பது, மழைநாளிலே கிளைக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்பதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. லயத்திலிருந்து ஒருவரும் வராத கூட்டத்திலே லயத்துக்காகப் பேசுபவர் தெரிவாகமாட்டார்.

கணக்குக்கும் பதவிக்கும் உள்ள உறவு தமிழருக்குப் புதியதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பொறிக்கப்பட்டவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் நிற்கலாகாது என்பது அங்கே விதி. அதே கல்வெட்டு, கால்வேலி நிலமும் சொந்த மனையிலே வீடும் உடையவரே தகுதியுடையவர் என்றும் சொல்கிறது. சொந்த மனையில்லாத லயத்துத் தொழிலாளிக்கு அந்தச் சபையிலே இடமில்லை. கூட்டுறவோ கணக்குக் காட்டும் கடமையை மட்டும் வைத்துக்கொண்டு, நிலம் வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டது. பங்குப் பணம் செலுத்திய உறுப்பினர் நிலமில்லாவிடினும் நிற்கலாம்.

ஆனால், நிற்பவர் எதைச் சொல்லி வாக்குக் கேட்கிறார் என்பதிலேதான் சோதனை இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தேர்தலுக்கு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அரிசி விலை, மா விலை, ஒரு தேங்காய் எத்தனை நாளைக்கு வரும் என்பனவற்றிலே அவளுக்கு எவரும் அறிவு புகட்ட வேண்டியதில்லை. அவளைக் காண்பவர்கள் முதலிற் கேட்பது, "கடையிலே கடன் கொடுப்பீர்களா, அக்கா?" என்பதுதான். சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை; பசியோ நாளுக்கு மூன்று முறை. கேள்வியிலே நியாயம் இருக்கிறது. "கொடுப்போம்" என்று ஒரு சொல் சொன்னால் வாக்குகள் குவியும்.

அச்சொல்லின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நூறு குடும்பங்கள் வாங்கும் கடை ஒன்றிலே குடும்பத்துக்கு மூவாயிரம் ரூபா வீதம் பாக்கி நின்றால், மூன்று இலட்சம் ரூபா கடைக்கு வெளியே நிற்கிறது. அந்தப் பணத்துக்கு அடுத்த மாதம் அரிசி வாங்க முடியாது. தட்டுகள் வெறுமையாகும். ரொக்கம் கொடுத்து வாங்கியவர் வேறு கடைக்குப் போவார். கடன்பட்டவர் முகங்கொடுக்க அஞ்சி வராமலிருப்பார். ரொச்டேல் மக்கள் ரொக்க விற்பனையையே விதியாகக் கொண்டது கல்நெஞ்சத்தால் அன்று. அவர்களுக்கு முன்னிருந்த கடைகள் பல கடனாலே மூழ்கியதைக் கண்டமையாலேயாம்.

ஆகவே நேர்மையான வேட்பாளர், "கடன் இல்லை" என்று முகத்தைத் திருப்புவதுமில்லை. "எல்லோருக்கும் கடன்" என்று ஆசை காட்டுவதுமில்லை. பங்குப் பணத்துக்கும் சம்பளத்துக்கும் ஏற்ற ஓர் எல்லை, சம்பள நாளிலே தீர்க்கும் ஒழுங்கு, பணிப்பாளர் வீட்டுக்கும் மற்றவர் வீட்டுக்கும் ஒரே விதி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது சபைக்கு மாதந்தோறும் தெரியவேண்டும் என்ற முறை ஆகியவற்றைச் சொல்வார். இவற்றைக் கேட்டுக் கைதட்டுபவர் குறைவு. ஆனால் மூன்று ஆண்டுக்குப் பின்னும் கடை திறந்திருக்கும்.

நிறையிலே ஏற்படும் குறைவும் இப்படியே. ஐம்பது கிலோ மூடை ஒன்றிலே ஒரு கிலோ குறைந்தால் எவர் கண்ணுக்கும் படாது. நூறு மூடையிலே அது இரண்டு மூடை அரிசி. லொறியிலிருந்து இறக்கும்போதே மூடையை நிறுக்கவேண்டும் என்று கேட்கும் பணிப்பாளர் ஒருவர் இருந்தால் அந்த இரண்டு மூடையும் மக்கள் உலையிலே வேகும். இல்லையேல் அதன் விலை ஆண்டுக் கணக்கிலே நட்டமாக வந்து நிற்கும்.

கேள்வி கேட்கும் பழக்கம் இற்றுப்போனால் சங்கம் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. 1970 களின் தொடக்கத்திலே பெருஞ் சங்கங்களின் சபைகளிலே பெரும்பான்மையினர் அரசின் நியமனத்தால் வந்தனர். நியமனம் பெற்றவர் நியமித்தவரை நோக்கினர். உறுப்பினரோ, "அது அரசாங்கக் கடை" என்று பேசத் தொடங்கினர். தமது கடை என்ற எண்ணம் ஒரு முறை போனால், அது மீள்வதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

உணவு வழங்கும் ஒழுங்கு எளிய விடயம் அன்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே உலகச் சந்தையில் தானிய விலை ஏறிப் பங்கீடு குறைக்கப்பட்டபோது, தோட்டங்களிலே இறப்பு வீதம் உயர்ந்தது. வயலோ தோட்டக் காணியோ இல்லாத மக்களுக்குக் கடை ஒன்றே களஞ்சியம். 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி, உணவு விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. 2021 ஆம் ஆண்டிலே நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று விதிக்கப்பட்டிருந்தது. அந்த ஆயிரத்தின் உணவு வாங்கும் வலிமை பாதியளவாயிற்று. சம்பளத்தை உயர்த்தப் போராடுவது தொழிற்சங்கத்தின் வேலை. வாங்கிய சம்பளம் கடை வாசலிலே கரையாமற் காப்பது கூட்டுறவின் வேலை. ஒரு கை பெற்றதை மறு கை சிந்திவிடலாகாது.

சட்டம் உறுப்பினருக்குத் துணையாக நிற்கிறது. ஆண்டுதோறும் கணக்காய்வு நடைபெற வேண்டும். தவறு தோன்றினால் விசாரணை நடத்த அதிகாரம் உடையவர் உண்டு. ஆயினும், ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வருபவர்; உறுப்பினர் வாரந்தோறும் வருபவர். பொதுக்கூட்டத்திலே ஐந்தொகை வாசிக்கப்படும்போது எழுந்து, "பாக்கி ஏன் கூடிற்று? இருப்பு ஏன் குறைந்தது?" என்று இரண்டு கேள்வி கேட்பவர், எந்த ஆய்வாளரைக்காட்டிலும் பெரிய காவல். கணக்குப் புரியவில்லையென்றால் புரியும் தமிழிலே சொல்லுங்கள் என்று கேட்பதும் அவருடைய உரிமையே.

பணிப்பாளர் சபைக்கு நிற்பவர், "எனக்கு மாலையிடுங்கள்" என்று கேட்டு நிற்பதில்லை. "என்னிடம் கணக்குக் கேளுங்கள்" என்று சொல்லி நிற்கிறார். பிறர் எழுதிய பற்றுக்குத் தலைகுனிந்து வந்த மக்களின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து, தம் அயலவர் முன் கணக்கை விரித்து வைக்க முன்வருவது பூண்டுலோயா போன்ற ஊரிலே சிறிய காரியம் அன்று. கொழுந்துத் தராசின் முள்ளைப் பார்க்கத் தெரிந்த கண்களுக்கு அக்கணக்கைப் படிப்பதும் இயலும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அவர்கள் வந்திருக்க வேண்டும், அவ்வளவே.