உங்களுக்குத் தெரியுமா? டீசலில் தண்ணீர் கலந்தால்...

பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் திருவண்ணாமலை வரும் பேருந்துகளும் வேன்களும், பக்தர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடிக்கும்வரை ஊர் எல்லையில் விடிய விடிய நிற்கின்றன. பாதி காலியான டேங்குக்குள் இருக்கும் ஈரக்காற்று, ராத்திரிக் குளிரில் சுவரில் துளித்துளியாகப் படியும். டீசலைவிடத் தண்ணீர் கனம். அடியில் போய்த் தங்கிவிடும். ஒரு ராத்திரியில் சேர்வது சொற்பம்தான். மாதக்கணக்கில் வடிக்காமல் விட்டால் வம்பு.

இந்தியாவின் பி.எஸ்.6 மாசுக்கட்டுப்பாட்டுத் தரத்துக்கான டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் தண்ணீர்தான் உச்ச வரம்பு.

ஏன் இத்தனை கறார்? இன்றைய டீசல் வண்டிகளின் காமன் ரெயில் எஞ்சினில், காற்றழுத்தத்தைப்போல் 1,600 மடங்கு, 2,000 மடங்கு அழுத்தத்தில் டீசல் பீய்ச்சப்படுகிறது. இன்ஜெக்டரின் அசையும் பாகங்களுக்கு நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்! அந்த இடுக்கில் டீசலேதான் மசகு. தண்ணீருக்கு அந்த வழுவழுப்பு இல்லை. உலோகத்தோடு உலோகம் உரசும், பிளஞ்சரில் கீறல் விழும், துரு ஏறும். சூடான நாசில் முனையில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி விரிந்தால் முனையே உடைந்துபோவதும் உண்டு. பம்பில் தேய்ந்த உலோகத்தூள் இன்ஜெக்டர்வரை பரவினால், மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான். பெரிய செலவு.

தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். ஃபில்டரை அடைக்கும் கொழகொழப்பான கருஞ்சேறு பல நேரம் அவற்றின் வேலை. ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுவது அவசியம்.

வேண்டுமென்றே தண்ணீர் கலந்த டீசலும் உண்டு! 10 முதல் 20 சதவீதம் தண்ணீரை நுண்துளிகளாக்கி, பிரியாதிருக்க வேதிப்பொருள் சேர்த்துத் தயாரிப்பார்கள். நிறம் வெள்ளை. சிலிண்டருக்குள் தண்ணீர்த்துளி முந்திக்கொண்டு ஆவியாகி வெடித்து, டீசலை இன்னும் பொடிப்பொடியாகச் சிதறடிக்கும். கரும்புகை குறையும், சூடு தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறையும். அமெரிக்காவின் லூப்ரிசால் நிறுவனம் இதை ‘பியூரிநாக்ஸ்’ என்ற பெயரில் விற்றது. காற்று மாசைக் குறைக்க அருமையான வழி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் எரியாதே, வண்டியின் இழுவை குறைந்துவிடும். நெடுநாள் தேங்கினால் கலவை பிரிந்து, மேலே சொன்ன கேடுகள் அத்தனையும் வரும். ஆலையில் பக்குவமாகத் தயாராகும் இதை வீட்டில் கேனில் கலக்கிப் பார்ப்பது எஞ்சினுக்கு வைக்கும் உலை.

பி.எஸ்.6 லாரி, பேருந்துகளில் புகையைச் சுத்திகரிக்கத் தனி டேங்கில் ஊற்றும் ‘ஆட்புளூ’ திரவத்தில் யூரியா 32.5 சதவீதம்; மீதி 67.5 சதவீதமும் தண்ணீர்! அவசரத்தில் இதை டீசல் டேங்கில் ஊற்றிவிடுவது உலகெங்கும் நடக்கும் தவறு. தண்ணீர் துருவைக் கொண்டுவரும், யூரியா உப்புப்போலப் படிந்து அடைக்கும். ஓட்டுநர்களே, அப்படி நேர்ந்துவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கை வரவழைத்து டேங்கை முழுக்கக் காலிசெய்யுங்கள்.