‘இது ஒண்ணுதான் சார்!’ – பழைய கார் விற்பனையில் ஒரு தப்புக்கணக்கு

பழைய கார் விற்பவர்கள் பலரும் சொல்வது இது: “இந்த என்ஜின், இந்த கலர், இந்த சீட், எல்லாம் சேர்ந்து வந்தது இது ஒண்ணுதான் சார்.” அந்த ‘ஒண்ணு’ எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் விகிதங்களைப் பெருக்கிய கணக்குதான் கிடைக்கும்.

தொழிற்சாலைக் கணக்கு தெளிவாக இருக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1967-ஆம் ஆண்டு செவர்லே கார்வெட் மொத்தம் 22,940. அதில் 435 குதிரைத்திறன் என்ஜின் போட்டவை 3,754; ஏ.சி. போட்டவை 3,788. பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் இரண்டும் சேர்ந்தவை சுமார் 620 வரவேண்டும். உண்மையில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த என்ஜினோடு ஏ.சி.யைக் கம்பெனியே தரவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அதே ஆண்டு எல்88 என்ற பந்தய என்ஜின் போட்டவை 20. ஹீட்டர் இல்லாமல் வந்தவை 35. பெருக்கி வகுத்தால் 0.03 கார்! ஆனால் எல்88 எடுத்தால் ஹீட்டர் கிடையாது என்பதால் 20 காரும் அப்படியே வந்தன. ஒன்றை வாங்கினால் இன்னொன்று தானாக வரும், அல்லது வரவே வராது என்கிற இடத்தில் பெருக்கல் செல்லாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ‘வேண்டும், வேண்டாம்’ என்று 15 வசதிகள் இருந்தாலே 32,768 சேர்க்கைகள் வரும். அந்த ஆண்டின் மொத்த உற்பத்தியை விட அது அதிகம். பட்டியலை நீட்டினால் எந்தக் காரையும் ‘உலகில் ஒன்று’ ஆக்கிவிடலாம்.

நம் பக்கம் வருவோம். வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்த ஹெரால்டு காரில் பொறுக்கி எடுக்க அவ்வளவு வசதிகள் இல்லை. இங்கிலாந்தில் என்ஜின் 1147, 1296 சி.சி. என்று வளர்ந்தது, இங்கே கடைசிவரை 948தான். 1968-இல் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவு. ஆகவே ‘மார்க் 3, நான்கு கதவு, 948 சி.சி.’ என்று அடுக்குவது மூன்று அபூர்வங்கள் அல்ல, ஒரே விஷயம்தான்.

‘பெரம்பலூர் மாவட்டத்திலேயே ஒரே ஹெரால்டு’ என்ற பேச்சும் இப்படித்தான் அர்த்தம் இழக்கும். பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்தது 1995-இல். அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைந்து, 2007-இல் தனி மாவட்டம் ஆனது. ஹெரால்டு உற்பத்தி 1970-களிலேயே நின்றுபோனது. ஆக, பெரம்பலூரின் டி.என்.46, அரியலூரின் டி.என்.61 எண்ணோடு ஒரு ஹெரால்டும் ஷோரூமை விட்டு வந்திருக்க முடியாது. பார்த்தால், அது பின்னால் மாற்றிய நம்பர்.

இங்கே அபூர்வம் என்பது எத்தனை செய்தார்கள் என்பதில் இல்லை. எத்தனை தப்பிப் பிழைத்தன என்பதில் இருக்கிறது. ஹெரால்டின் பானெட், முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து அப்படியே தூக்கித் திறக்கும். அதைத் திறந்து என்ஜின் நம்பரைப் பாருங்கள். சேசிஸ் நம்பரும் அதுவும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனால், கலரைவிட அதற்குத்தான் மதிப்பு.

2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்த, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். அதாவது, ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் தாத்தா காலத்து ஆர்.சி. புத்தகம் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.