களஞ்சியமும் கடை முகப்பும்

கம்ப்யூட்டர் நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட இளைஞர் பலர் தமக்கென்று ஓர் இணையதளம் அமைத்துக்கொள்கிறார்கள். உத்தியோகம் கொடுப்போர் அதைப் பார்த்தே ஒருவருடைய திறமையைப் பற்றி முதல் அபிப்பிராயம் கொள்வதுண்டு. அத்தளத்தில் காணும் வேலைப் பட்டியலைக் கையால் எழுதி வைப்பதா, அல்லது நிரல்கள் சேமிக்கப்பட்டிருக்கும் களஞ்சியங்களிலிருந்து அது தானாகவே வந்து சேரும்படி செய்வதா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இது சில்லறைச் சங்கதி என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. ஒருவன் தன் உழைப்பைக் குறித்து உலகத்துக்குச் சொல்லும் சாட்சியத்தின் யோக்கியதை இதில் அடங்கியிருக்கிறது.

களஞ்சியம் என்பது யாது? 2005-ம் வருஷத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 'கிட்' என்னும் சாதனத்தை உண்டாக்கினார். ஒரு நிரலில் எந்த வரியை, யார், எப்போது மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கும். அத்தகைய களஞ்சியங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள இடந்தரும் 'கிட்ஹப்' 2008-ல் தோன்றியது. 2018-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி அதை 750 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. நீதிமன்றங்களில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கட்சிக்காரர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் வாய்மொழியைவிட, வேலை நடக்கும்போதே எழுதப்பட்ட கணக்குப் புத்தகத்துக்கு மதிப்பு அதிகம். எந்தத் தஸ்தாவேஜையும் போல இதையும் திருத்த வழியில்லாமலில்லை. ஆயினும் வெறும் புகழுரையைவிட இது மேலான சாட்சியம் என்பதில் சந்தேகமில்லை. கையால் எழுதிய பட்டியலோ சில மாதங்களில் பழசாகிவிடும். ஆகவே, தானாக வரும் பட்டியலை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அதை அமைக்கும் முறையில் இரண்டு பிழைகள் மலிந்திருக்கின்றன.

முதலாவது, பட்டியலைக் கொண்டுவரும் வேளை. கிட்ஹப்பில் 'ஏ.பி.ஐ.' என்றொரு வாசல் உண்டு. ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால், அவருடைய பொதுக் களஞ்சியங்களின் பெயர், விவரம், மொழி, கடைசியாக மாறிய தேதி முதலியவற்றை அது தரும். சாதாரணமாக ஒரு தடவைக்கு 30. கேட்டால் 100 வரையில். பலரும் என்ன செய்கிறார்கள்? பார்க்க வந்தவருடைய பிரவுசரே அந்த வாசலுக்குப் போய்க் கேட்கும்படி ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அடையாளம் காட்டாமல் கேட்போருக்கு ஓர் இணைய முகவரிக்கு மணிக்கு 60 தடவைதான் பதில் கிடைக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவருக்கு 20 களஞ்சியங்கள் இருந்து, ஒவ்வொன்றின் மொழி விவரத்தையும் தனித்தனியே கேட்டால், பக்கத்தை ஒரு முறை திறக்க 21 கேள்விகளாகும். ஒரு காரியாலயத்தில் உள்ள கம்ப்யூட்டர்கள் யாவும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தோன்றுவது வழக்கம். ஆகையால் ஒரே மணி நேரத்தில் அங்கே மூன்றாவது அதிகாரி அப்பக்கத்தைத் திறக்கும்போது 60 தீர்ந்து, பட்டியல் முழுமையாக வராமல் நின்றுபோகும். பல நாள் உழைப்பு, பார்க்கவேண்டியவர் பார்க்கும் வேளையில் மறைந்துவிடுகிறது!

இதற்குப் பரிகாரமாகச் சிலர் தம்முடைய ரகசிய 'டோக்க'னைப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அதைக் கொண்டு மணிக்கு 5,000 தடவை கேட்கலாம் என்பது வாஸ்தவமே. ஆனால் பக்கத்தைத் திறப்பவர் எவரும் அதைப் படித்துவிடலாம். பூட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அன்றியும், பிறர் வாசலை நம்பியே கடை நடத்துவது எக்காலத்திலும் அபாயம். 2014-ம் வருஷம் டிசம்பரில் நம் நாட்டுச் சர்க்கார் 32 தளங்களைத் தடுக்கும்படி உத்தரவிட்டபோது கிட்ஹப்பும் அதில் அகப்பட்டுக்கொண்டது. சில தினங்களுக்குப் பின்பே தடை நீங்கியது. 2019-ல் அமெரிக்கச் சர்க்காரின் தடைச் சட்டங்களை முன்னிட்டு ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலுள்ளவர்களின் கணக்குகளைக் கிட்ஹப் கட்டுப்படுத்தியது. கூகிள் கம்பெனி நடத்திவந்த 'கூகிள் கோட்' என்னும் களஞ்சியசாலை 2016 ஜனவரியில் மூடப்பட்டது.

நாம் பத்திரிகை நடத்துபவர்கள். நேயர் ஒவ்வொருவரும் காலையில் செய்தி ஸ்தாபனத்தின் கதவைத் தட்டும்படி நாம் விடுவதில்லை. இரவிலேயே செய்திகளைப் பெற்று, அச்சிட்டு, விடியுமுன் அனுப்பிவிடுகிறோம். நிரலாளரும் அவ்வாறே செய்யலாம். தினம் ஒருமுறை பட்டியலை வரவழைத்துத் தம் தளத்திலேயே ஒரு கோப்பாக வைத்துவிட்டால் போதும். 2019-ல் பொது உபயோகத்துக்கு வந்த 'கிட்ஹப் ஆக்ஷன்ஸ்' இதைக் குறித்த வேளையில் செய்து கொடுக்கும். டோக்கனும் வெளியே தெரியாது. எத்தனை பேர் வந்தாலும் கவலையில்லை. ஒருநாள் பட்டியல் வராவிட்டால் முதல்நாள் பட்டியல் நிற்கும். ஆனால் பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த வேலையும் நடவாதிருந்தால் இந்த ஏற்பாடு தானே நின்றுவிடும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. இயந்திரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிவிடும். பயிற்சிக்கு எழுதியவை, பாதியில் விட்டவை மட்டுமல்ல. பிறர் களஞ்சியத்திலிருந்து எடுத்த 'ஃபோர்க்' என்னும் பிரதிகளும் நம்முடையவை போல் வரிசையில் நிற்கும். அறியாமல் நேர்ந்தாலும், பிறர் உழைப்பைத் தனதென்று காட்டுவது பொய்ச் சாட்சியமே. ஒவ்வொன்றும் பிரதியா அல்லவா என்ற குறிப்பு பட்டியலிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு விலக்கிவிடலாம். காட்டத் தகுந்தவற்றுக்கு மட்டும் ஓர் அடையாளச் சொல்லை இட்டு, அது உள்ளவையே பக்கத்தில் வரும்படி செய்வது இன்னும் நலம். அவற்றின் கீழே, தீர்க்க எடுத்துக்கொண்ட கஷ்டம் என்ன, அதில் தம் பங்கு என்ன என்று தம் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும். அந்த இரண்டு வரியை எந்த இயந்திரமும் அவருக்காகச் சொல்ல முடியாது.

தேர்ந்தெடுப்பது மறைப்பதாகாதோ என்று சிலர் கேட்கலாம். ஆகாது. களஞ்சியத்துக்குப் போகும் வழியைப் பக்கத்தில் காட்டிவிட்டால், வேண்டியவர் முழுவதையும் பார்த்துக்கொள்ளலாம்.

உத்தியோகம் கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. அநேக நிரலாளர்களின் சிறந்த வேலை, சம்பளம் கொடுப்பவரின் மூடிய களஞ்சியத்துக்குள்ளே இருக்கிறது. அதை வெளியே காட்ட அவர்களுக்கு உரிமையில்லை. பகலில் உத்தியோகமும் இரவில் குடும்ப பாரமும் உள்ளவர் பொதுக் களஞ்சியம் நிரப்பப் பொழுதுக்கு எங்கே போவார்? காலிப் பட்டியலைக் கண்டு சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்வது நியாயமன்று.

சேகரிக்கும் வேலையை இயந்திரத்திடம் விடுங்கள். தேர்ந்தெடுக்கும் வேலையை விடாதீர்கள். இளைஞர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே.