பக்கத்துல தூங்குறவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும்? மிரட்டும் 'கல்யாண த்ரில்லர்'கள்!

காலையில செம்பரம்பாக்கம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போற கம்பெனி பஸ்ல பாதிப் பேர் தூக்கத்துல இருப்பாங்க, மீதிப் பேர் போன்ல இருப்பாங்க. அந்தப் போன்ல த்ரில்லர் நாவல் படிக்கிற ஆளா நீங்க? அப்போ இந்த வகைக் கதையை நிச்சயம் படிச்சிருப்பீங்க. பேய் கிடையாது, சீரியல் கில்லர் கிடையாது. ஒரு வீடு, கணவன், மனைவி, நடுவுல ஒரு ரகசியம்!

இதுக்கு 'டொமஸ்டிக் நுவார்'னு பேர். 2013-ல் ஜூலியா க்ரவுச் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் வைத்த பெயர் இது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஜிலியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' நாவல்தான் இந்த வகையின் சூப்பர் ஹிட். ஐந்தாவது திருமண நாளில் மனைவியைக் காணோம். கணவன் ஒரு கதை சொல்றான், மனைவியோட டைரி வேற கதை சொல்லுது. யாரை நம்புறது?

நம்ம ஊர்லயே இருக்கு!

1954-ல் வந்த 'அந்த நாள்' படம் ஞாபகம் இருக்கா? (70 வருஷம் ஆச்சு, ஸ்பாய்லர் சொல்லலாம்!) 1943-ல் ஜப்பான் குண்டு வீசிய சென்னையில், ரேடியோ இன்ஜினீயரான சிவாஜி சுட்டுக் கொல்லப்படுவார். சுட்டது மனைவி பண்டரிபாய். கணவன் எதிரி நாட்டு உளவாளி என்பதுதான் அந்த வீட்டின் ரகசியம். பாட்டே இல்லாத படம், ஆனா கடைசி வரை டென்ஷன்.

ஏன் இவ்வளவு பயம்?

கொலையைவிட நம்மை மிரட்டுறது, 'நான் பார்த்ததே பொய்யோ?'ங்கிற சந்தேகம். 1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்தில், பொருள்களை ஒளித்து வைத்துவிட்டு மனைவிக்குத்தான் மனநிலை சரியில்லை என்று நம்பவைப்பான் கணவன். 'கேஸ்லைட்டிங்'ங்கிற வார்த்தை வந்தது அங்கிருந்துதான்.

பிரைவசியா, ரகசியமா?

போனுக்கு லாக் போடுறது பிரைவசி. ரெண்டு பேர் வாழ்க்கையையும் பாதிக்கிற கடனை மறைக்கிறது ரகசியம். அதைக் கேட்டா, 'உனக்குத்தான் பைத்தியம்'னு திரும்பத் திரும்பச் சொல்றது வன்முறை. அடி விழுந்தாதான் வன்முறைனு இல்லை. வார்த்தையாலும் மனதளவிலும் துன்புறுத்துவதையும், பண விஷயத்தில் முடக்குவதையும் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் குடும்ப வன்முறையாகவே பார்க்கிறது. பெண்கள் உதவிக்கு 181 எண்ணை அழைக்கலாம்.

செம்பரம்பாக்கம் ஏரியோட முழு உயரம் 24 அடி. மழைக்காலத்துல தண்ணி எவ்வளவு ஏறியிருக்குனு அளந்துட்டே இருப்பாங்க. நிறைஞ்ச பிறகு மொத்தமா திறந்தா என்னாகும்னு 2015 டிசம்பர்ல அடையாற்றுக் கரையில இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. வீட்டுக்குள்ள சேர்ற ரகசியமும் அப்படித்தான். கொஞ்சமா இருக்கும்போதே பேசிடுங்க மக்களே!