இனிப்பு நீரை அளக்குமா கைக்கடிகாரம்? அடுத்த தலைமுறை ‘ஸ்மார்ட் வாட்ச்’சிடம் நம்மவர் எதிர்பார்ப்பது என்ன?

ஈப்போ யிக் ஃபூங் வளாகத்துக் கைப்பேசிக் கடைகளிலும் சரி, சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் வட்டார இரவுச் சந்தைகளிலும் சரி, ஸ்மார்ட் வாட்ச் இன்று சாதாரணப் பொருளாகிவிட்டது. இணையத்தில் ஐம்பது, அறுபது ரிங்கிட்டுக்கே ஒன்று வீடு தேடி வருகிறது. மூவாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் மாடல்களும் உண்டு.

2012ஆம் ஆண்டில் ‘பெபல்’ கடிகாரத்துக்காகப் பொதுமக்கள் முன்பணமாகவே ஒரு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2015இல் ஆப்பிள் தன் முதல் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று வாங்கியவர்கள் எதிர்பார்த்தது, கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்காமலேயே செய்தி பார்க்கும் வசதியை. இன்று எதிர்பார்ப்பு மாறிவிட்டது. “அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, அதைக் காட்டுமா? அப்பா தனியாக இருக்கிறார், விழுந்தால் எனக்குத் தெரியுமா? தமிழில் வருமா?” என்பவைதான் இப்போது கடைக்காரரிடம் கேட்கத் தோன்றும் கேள்விகள். இவற்றில் எது இன்று கிடைக்கிறது, எது வெறும் விளம்பரம், எதற்கு இன்னும் காத்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

இனிப்பு நீர்: இன்னும் நிறைவேறாத கனவு

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப் பாதிப்பு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரின் சிறுநீரகம் கெட்டுப்போக முதல் காரணமும் இதே நோய்தான். விரல் நுனியில் ஊசி குத்தாமல் கையில் கட்டிய கடிகாரமே சர்க்கரை அளவைச் சொல்லிவிடாதா என்று நம் குடும்பங்கள் ஏங்குவதில் வியப்பில்லை.

இந்த ஏக்கத்தைக் காசாக்கும் கடிகாரங்கள் இணையத்தில் நிறைய உள்ளன. ‘ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம், ஒரு நிமிடத்தில் சர்க்கரை அளவு’ என்பது அவற்றின் விளம்பரம். ஆனால், தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரி 21ஆம் நாள் வெளிப்படையாக எச்சரித்தது. எந்த நிறுவனம் தயாரித்ததாக இருந்தாலும் அத்தகைய சாதனத்தை நம்ப வேண்டாம் என்பதே அந்த அறிவிப்பின் சாரம்.

ஏன் முடியவில்லை? கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை விளக்கு நாடித்துடிப்பைக் கணக்கிடுவதற்கானது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அதை எண்ணுவது எளிது. சர்க்கரை அப்படியல்ல. இரத்தத்தில் அது மிகச் சிறிய பங்குதான். தண்ணீர், கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் குறுக்கீட்டில் அதன் சுவடு அமுங்கிப்போகிறது. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக முயன்றும் இந்தச் சுவரைத் தாண்டவில்லை. 2001ஆம் ஆண்டில் ‘குளுக்கோவாட்ச்’ என்ற ஒரு கடிகாரம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெல்லிய மின்சாரத்தால் தோல் வழியே நீரை இழுத்து அது சர்க்கரையை அளந்தது. தோல் எரிச்சல் உள்ளிட்ட குறைகளால் சில ஆண்டுகளிலேயே சந்தையை விட்டு மறைந்தது.

மலிவுக் கடிகாரம் காட்டும் எண் பிறகு எங்கிருந்து வருகிறது? சர்க்கரையை அளக்கும் கருவியே அதில் இல்லாதபோது, அது ஊகமாகத்தான் இருக்க முடியும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடிகாரத்தைக் கழற்றிச் சுருட்டிய துண்டில் கட்டுங்கள். துண்டுக்கும் சர்க்கரை அளவு காட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

இது பண நட்டம் மட்டுமல்ல. இன்சுலின் போடுபவர் பொய்யான உயர்ந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், சர்க்கரை திடீரென இறங்கிச் சில மணி நேரத்தில் மயக்கம், உயிராபத்து வரை போகலாம். பொய்யான நல்ல எண்ணை நம்பி மருந்தை நிறுத்தினால் கண், சிறுநீரகம், கால் எனச் சத்தமில்லாமல் பாதிப்பு ஏறும்.

உண்மையாக வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சர், மெல்லிய இழை ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்தி அளவெடுக்கும். ‘ஃப்ரீஸ்டைல் லிப்ரே’ போன்ற சென்சர்கள் 14 நாள் வரை தாங்கும். இங்கே கடிகாரம் அளப்பதில்லை. சென்சர் அளந்ததைக் காட்டும் பலகையாக மட்டுமே சில மாடல்கள் பயன்படுகின்றன. ஆனால் மாதத்துக்கு இரண்டு சென்சர் என்றால் நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட் என்னும்போது பலருக்கு இது எட்டாக்கனி. அதுவரை ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பார்க்கும் அரசாங்க கிளினிக்கும், அங்கே எடுக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சோதனையும், வீட்டில் விரல்நுனிச் சோதனைக் கருவியும்தான் நமக்குத் துணை.

இரத்த அழுத்தம்: பாதி வழி வந்துவிட்டது

இங்கே நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. சாம்சுங் கடிகாரத்தின் இரத்த அழுத்த வசதிக்குத் தென் கொரியா 2020ஆம் ஆண்டில் அனுமதி கொடுத்தது. ஆனால், 28 நாளுக்கு ஒருமுறை கையில் பட்டை சுற்றி அளக்கும் வழக்கமான கருவியோடு ஒப்பிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். ஹுவாவேயின் ‘வாட்ச் டி’ வேறு வழியில் போனது. அதன் வாரிலேயே காற்றுப்பை இருக்கிறது. மணிக்கட்டை இறுக்கி அளக்கும். ஆப்பிள் 2025இல் கொண்டுவந்த வசதி எண்ணே காட்டாது. 30 நாள் தரவைப் பார்த்து, ‘உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கலாம், சோதித்துப் பாருங்கள்’ என்று மட்டும் எச்சரிக்கும்.

ஆக, பட்டை, காற்றுப்பை எதுவுமின்றி ஒரு மலிவுக் கடிகாரம் உடனே ‘120/80’ என்று காட்டினால் அதை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கறுத்த தோலுக்கும் சரியாகக் காட்ட வேண்டும்

நம்மவர் அதிகம் பேசாத, ஆனால் நமக்கு முக்கியமான விஷயம் இது. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். அதனால் திரும்பி வரும் ஒளி குறையும். நல்ல கடிகாரங்கள் விளக்கின் ஒளியைக் கூட்டிச் சமாளிக்கின்றன. மலிவானவற்றில் அந்தத் திறன் குறைவு. மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும் இதே சிக்கல்தான்.

இது மருத்துவமனைக் கருவிகளிலேயே நடந்திருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் அபாய அளவுக்குக் குறைந்திருந்தும் விரலில் மாட்டும் கருவி அதைக் காட்டத் தவறியது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். வெயிலில் கறுத்துப்போன கையோடு செம்பனைக் குலை வெட்டுபவருக்கும், கத்தியை இறுகப் பிடித்துப் பால்மரம் வெட்டுபவருக்கும் தோல் நிறத்தோடு கை அசைவும் வியர்வையும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். எல்லா நிறத் தோலிலும் சோதித்த கருவி என்று பெட்டியிலேயே எழுதித் தரும் நிறுவனம்தான் நம் காசுக்குத் தகுதியானது.

விழுந்தால் யாருக்குத் தெரியும்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, இரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். பழைய லயத்திலோ பக்கத்துத் தாமானிலோ அம்மா, அப்பா தனியாக இருக்கும் வீடுகள் பேராக்கில் ஏராளம். குளியலறையில் வழுக்கி விழுந்தவர் விடியும்வரை கிடப்பதுதான் பிள்ளைகளின் பெரிய பயம்.

இந்த வேலையைக் கடிகாரம் ஓரளவு நன்றாகவே செய்கிறது. உள்ளே இருக்கும் அசைவு உணரிகள் திடீர் வீழ்ச்சி, மோதல், அதன்பின் அசைவின்மை ஆகிய மூன்றையும் கவனிக்கும். ஆப்பிள் 2018இல் இதைக் கொண்டுவந்தது. விழுந்தவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாவிட்டால் கடிகாரமே அவசர எண்ணை அழைத்து, குடும்பத்தாருக்கும் தகவல் அனுப்பும். ஆனால் சுவர் பிடித்து மெல்லச் சரிந்து விழுந்தால் கண்டுபிடிக்கத் தவறலாம்.

இன்னொரு தடை அலைவரிசை. கடிகாரத்தில் தனி இணைப்பு இல்லையென்றால் கைப்பேசி பக்கத்தில் இருக்க வேண்டும். தோட்டத்து உட்புறங்களில் அலைவரிசையே எட்டாத இடங்கள் இன்னும் உள்ளன. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. எனவே, சிம் போடும் பழைய ‘3ஜி’ கடிகாரத்தை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். 4ஜி வேண்டும். செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கடிகாரங்களும் வந்துவிட்டன. ஆனால் அச்சேவை சில நாடுகளில் மட்டுமே. நம் தோட்டப்புறங்களுக்கு அடுத்த தலைமுறை கொண்டுவர வேண்டிய முதல் வசதி இதுதான்.

தமிழ் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது?

மகள் அனுப்பிய தமிழ்ச் செய்தி கடிகாரத்தில் வெறும் கட்டங்களாகத் தெரிவது பலருக்குப் பழகிப்போன காட்சி. காரணம் எளிது. மலிவுக் கடிகாரத்தில் நினைவகம் சிறியது. தமிழ் எழுத்துரு அதில் இல்லை. எழுத்துரு மட்டும் இருந்தாலும் போதாது. ‘பெரியம்மா’வில் ‘ப’வுக்குப் பின் பதிவாகும் கொம்பு, திரையில் ‘ப’வுக்கு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். இப்படி எழுத்தை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் இல்லாவிட்டால் தமிழ் சிதைந்து வரும்.

முடியாத காரியமல்ல இது. கணினியில் தமிழுக்கு 1985இலேயே ‘முரசு அஞ்சல்’ தந்து, 2005இல் ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியில் தமிழை ஏற்றியவர் நம் மலேசியரான முத்து நெடுமாறன். கைப்பேசியில் நடந்தது கடிகாரத்திலும் நடக்கும், கேட்பவர்கள் வேண்டும். வாங்கும் முன் கடையிலேயே தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிப் பாருங்கள். சின்ன எழுத்து தெரியாத முதியவர்களுக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் கடிகாரம் வந்தால் இன்னும் நல்லது.

பேட்டரியும் அந்தரங்கமும்

ஆப்பிள் கடிகாரங்கள் பல ஆண்டுகளாக ஒருமுறை சார்ஜ் செய்தால் 18 மணி நேரம் என்ற கணக்கில்தான் வந்தன. திரையும் வசதியும் குறைந்த சில கடிகாரங்கள் இரண்டு வாரம் ஓடுகின்றன. முதியவருக்கு வாங்கினால் நாள் ஓடுவதையே பாருங்கள். சார்ஜில் கிடக்கும் கடிகாரம், விழுந்தவரைக் காப்பாற்றாது.

குழந்தைகளுக்கான கடிகாரத்தில் கூடுதல் கவனம் தேவை. மற்றவர் பேச்சை இரகசியமாக ஒட்டுக்கேட்க உதவும் குழந்தைக் கடிகாரங்களுக்கு ஜெர்மனி 2017 நவம்பரில் தடை விதித்தது. பெயர் தெரியாத நிறுவனத்தின் செயலியில் பிள்ளையின் பள்ளி, வீடு, நடமாட்டம் எல்லாம் பதிவாகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கும் முன்

தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது வானலைத் தொடர்புக்கான சான்று மட்டுமே, மருத்துவச் சான்றல்ல. நோயை அளக்கும் என்று விற்பவரிடம், 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் அது பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

இரசீதையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். சொன்ன வசதி இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டி முறையிடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. முகவரியே இல்லாத வெளிநாட்டு விற்பனையாளரிடம் பணத்தை மீட்பது கடினம் என்பதால், உள்ளூர்க் கடையில் உத்தரவாதத்தோடு வாங்குவதே நல்லது.

புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரை காவடியோடு நடப்பவரின் அடிகளை எண்ண, நாடித்துடிப்பைக் கவனிக்க, விழுந்தால் பிள்ளைக்குச் சொல்ல இன்றைய கடிகாரம் உதவும். சர்க்கரைக்கு மட்டும் இன்னும் ஒரு துளி இரத்தம் வேண்டும். பெற்றோரின் பிறந்தநாளுக்கு ‘சர்க்கரைக் கடிகாரம்’ வாங்க எண்ணியிருக்கும் பிள்ளைகள், அந்தப் பணத்தில் ஒரு நல்ல விரல்நுனிச் சோதனைக் கருவியும் அதற்கான பட்டைகளும் வாங்கிக் கொடுங்கள். அம்மாவை அடுத்த கிளினிக் தேதிக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.